பைபிள் கார்ட்டூன் இருக்கும்போது சண்டே ஸ்கூல் எதுக்கு?

கேள்வி (வாசகர் ஒருவர்), ஏப்ரல் 5

என் பையனுக்கு 6 வயசு. யூடியூப்ல வர்ற பைபிள் கார்ட்டூன் எல்லாத்தையும் பார்த்து முடிச்சிட்டான். தாவீது, யோனா, தானியேல், நோவா, எது கேட்டாலும் கடகடன்னு சொல்றான். ஞாயித்துக்கிழமை காலைல அவனை எழுப்பிக் குளிப்பாட்டி சண்டே ஸ்கூலுக்கு இழுத்துட்டுப் போனா, அங்க டீச்சர் அதே கதைய அரைகுறையாச் சொல்றாங்க. கார்ட்டூனே நல்லாச் சொல்லுதுன்னா இனி சண்டே ஸ்கூல் எதுக்கு? யாராவது விளக்குங்க. திட்டாம விளக்குங்க.

ஏப்ரல் 6

நான் சண்டே ஸ்கூல் டீச்சர். திட்டல.

அரைகுறையாச் சொல்றாங்கன்னு நீங்க எழுதினது உண்மைதான். எங்கள்ல பாதிப்பேர் சனிக்கிழமை ராத்திரி 10 மணிக்குத்தான் பாடப் புத்தகத்தையே திறப்போம். கார்ட்டூன்காரங்க ஒரு கதைக்கு மாசக்கணக்குல உழைக்கிறாங்க. போட்டியே கிடையாது.

ஒண்ணு மட்டும் செஞ்சு பாருங்க. கர்த்தர் யோனாவை எச்சரிக்க அனுப்பின நினிவே ஊர் மனந்திரும்பினதுக்கு அப்புறம் யோனா என்ன பண்ணினான்னு பையன்கிட்ட கேளுங்க. அவன் சொல்றத அப்படியே இங்க எழுதுங்க.

ஏப்ரல் 6, ராத்திரி

எங்க காலத்துக் "கார்ட்டூன்" ஞாபகம் வந்துச்சு. ஃபிளானல் போர்டு. கருநீலத் துணி போர்த்தின பலகை, பின்னால சொரசொரன்னு துணி ஒட்டின காகித உருவங்கள். வச்சா ஒட்டிக்கும். எங்க சபையில இருந்த செட்டுல பாதி தொலைஞ்சு போச்சு, அதனால தாடிக்காரர் ஒருத்தர்தான் மிச்சம். போன வாரம் அவர் நோவா, இந்த வாரம் ஆபிரகாம், அடுத்த வாரம் மோசே. ஒரே ஆள் இத்தனை வருஷம் எப்படி உயிரோட இருக்காருன்னு நாங்க யாரும் கேட்டதில்ல. பைபிள்ல எல்லாரும் நிறைய வருஷம் இருக்காங்கன்னு டீச்சரே சொல்லியிருந்தாங்களே!

ஃபேன் போட்டா எகிப்து ராஜா பார்வோன் பறந்துருவான். மே மாசத்துலயும் ஃபேன் இல்லாமத்தான் கதை.

ஏப்ரல் 8

பையன் பதில் எழுதினதுக்கு நன்றி. "மீன் துப்பிருச்சு, யோனா போய்ச் சொன்னாரு, எல்லாரும் நல்லவங்களாயிட்டாங்க, முடிஞ்சுது." நான் எதிர்பார்த்தது இதேதான்.

முடியல. இன்னும் ஒரு அதிகாரம் இருக்கு. யோனா புத்தகத்துல மொத்தமே 4 அதிகாரம், அதுல கடைசி முழுக்க யோனாவோட கோபம். இந்த ஊரை ஏன் அழிக்காம விட்டீர்னு கர்த்தர்கிட்ட சண்டை போடுறான். ஊருக்குக் கிழக்கால ஒரு குடிசை போட்டு, இப்பவாவது ஏதாவது நடக்குமான்னு பார்த்துட்டே உக்கார்ந்திருக்கான். ஒரு ஆமணக்குச் செடி முளைச்சு நிழல் குடுக்குது, சந்தோஷப்படுறான். மறுநாள் ஒரு பூச்சி அதை அரிச்சிருது, செத்துப்போறேங்கிறான். கடைசியில கர்த்தர் ஒரு கேள்வி கேக்குறார். செடிக்கு இவ்வளவு பரிதாபப்படுறியே, லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல ஜனமும் ஏகப்பட்ட மிருகமும் இருக்கிற ஊருக்கு நான் பரிதாபப்படக் கூடாதான்னு. அதோட புத்தகம் முடிஞ்சிருது. யோனா என்ன பதில் சொன்னான்னு எழுதவே இல்ல.

மீன் வயித்துக்குள்ள இருக்கிறதைவிட இதுதான் பிள்ளைங்களுக்கு நெருக்கமான கதை. தன்னை அடிச்சவனை மிஸ் மன்னிச்சு விட்டுட்டாங்கன்னா மூஞ்சிய உர்ருன்னு வச்சுட்டு உக்கார்ந்திருக்கிற பிள்ளைய நான் வாராவாரம் பார்க்கிறேன். 10 நிமிஷக் கார்ட்டூன்ல இதுக்கு இடம் கிடையாது. மீனுக்கே 7 நிமிஷம் போயிருது.

அப்புறம் 3ஆம் அதிகாரத்துல ஒண்ணு. நினிவே ராஜா கட்டளை போட்டு மனுஷங்க மட்டுமில்ல, ஆடு மாடு எல்லாமே சாப்பிடாம தண்ணி குடிக்காம இரட்டு (சாக்குத்துணி) போர்த்திட்டு நிக்குது. இரட்டு உடுத்தின மாடு! படம் போடுறவனுக்கு இதைவிட என்ன வேணும்? பெரும்பாலான படத்துல இதுவும் இல்ல.

ஏப்ரல் 9

"எல்லாக் கார்ட்டூனும் அப்படியில்ல"ன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். சரிதான். காய்கறிங்களையே ஆளா வச்சு பைபிள் கதை சொன்ன வெஜிடேல்ஸ் கார்ட்டூன்காரங்க 2002ல தியேட்டர்ல விட்ட யோனா படத்துல அந்தப் பூச்சி உண்டு. கலீல்னு பேர் வச்சு, யோனாவோட பயணம் முழுக்கக் கூடவே வந்து, செடிய அரிக்கிற வரைக்கும் காட்டினாங்க. யோனா கோவிச்சுட்டு உக்கார்ந்திருக்கிறதோட கதை நிக்கும். நினிவே ஜனங்க என்ன பாவம் பண்ணினாங்கங்கிறதுக்கு மட்டும் ஒருத்தரை ஒருத்தர் மீனால அறையுறதாக் காட்டிட்டாங்க. அது போகட்டும், நினிவே ஜனங்களான அசீரியர் நிஜமாப் பண்ணினதக் காட்டினா தியேட்டர்ல பெரியவங்களே உக்கார மாட்டாங்க.

இதுல வேடிக்கை, காய்கறிய வச்சுப் படம் எடுத்தவங்கதான் 4ஆம் அதிகாரத்த விடல.

ஏப்ரல் 9, கொஞ்சம் கழிச்சு

காய்கறி ஏன்னு கேட்டவங்களுக்கு. ஃபில் விஷர், மைக் நவ்ராக்கின்னு ரெண்டு பேர் 1993 டிசம்பர்ல முதல் வீடியோ விட்டாங்க. அப்ப இருந்த கம்ப்யூட்டர்ல கை, கால், முடி, துணி இதெல்லாம் அசைய வைக்கிறது பெரும்பாடு. கை கால் இல்லாத ஒரு ஆள் வேணும். விஷர் முதல்ல வரைஞ்சது ஒரு மிட்டாய்க் கட்டி. பிள்ளைங்க மிட்டாய் மேல ஆசை வச்சா அம்மாக்களுக்குப் பிடிக்காதேன்னு அவர் மனைவி சொல்ல, அது வெள்ளரிக்காயாச்சு. அதுதான் லாரி. கூட தக்காளி பாப். இயேசுவை மட்டும் காய்கறி ஆக்குறதில்லன்னு ஒரு கட்டுப்பாடு வச்சிருந்தாங்க. நல்லவேளை.

ஏப்ரல் 11

சூப்பர்புக் அமெரிக்காக்காரங்க கார்ட்டூன்னு ரெண்டு பேர் எழுதியிருக்கீங்க. 2011ல தொடங்கின கம்ப்யூட்டர் வரைகலை சூப்பர்புக் வர்ஜீனியாவில இருக்கிற சிபிஎன்ங்கிற கிறிஸ்தவ டிவி நிறுவனத்தோட தயாரிப்புதான். ஆனா பழசு, 1981ல வந்தது, ஜப்பான்ல டட்சுனோகோ ஸ்டுடியோ வரைஞ்சது. ஸ்பீட் ரேசர் எடுத்தாங்களே, அதே ஸ்டுடியோ. சிபிஎன் பணம், ஜப்பான் கை. கிறிஸ்தவங்க நூத்துக்கு ஒருத்தர் அளவுக்குத்தான் இருக்கிற ஊர்ல, டோக்கியோ டிவியில ஓடுச்சு. அப்புறம்தான் இங்கிலீஷ் பேசி உலகம் சுத்துச்சு. அதுல வர்ற பிள்ளைங்க கிறிஸ், ஜாய், கூட சாவி குடுத்தா நடக்கிற கிஸ்மோ பொம்மை. கண்ணு ரெண்டும் முட்டை மாதிரி பெருசா இருக்கிறது ஏன்னு இப்பப் புரியுதா?

ஜப்பான் காமிக்ஸ் ஓவியர் ஒஸாமு தெசுகாவும் பைபிள் தொடர் ஒண்ணு தொடங்கினார், இத்தாலி அரசு டிவியோட சேர்ந்து. 1989ல அவர் இறந்துட்டார். டைரக்டர் ஒஸாமு தெசாகி முடிச்சு, 1992ல இத்தாலியில வந்துச்சு, ஜப்பான்ல 1997ல. ஒரு நரி எல்லாக் காலத்துலயும் கூடவே வந்து எல்லாத்தையும் பார்க்கும். புத்தரோட கதைய ஆயிரக்கணக்கான பக்கம் வரைஞ்ச மனுஷர் நோவாவையும் வரைஞ்சார்ங்கிறது எனக்குப் பிடிச்ச விஷயம்.

டாம் அண்ட் ஜெர்ரி எடுத்த ஹன்னா பார்பராவும் 1985ல இருந்து பைபிள் தொடர் விட்டாங்க. ஜோசப் பார்பராவுக்கு ரொம்ப நாள் ஆசையாம். புதைபொருள் தோண்டப் போன 3 பேர் மணல்ல சரிஞ்சு பழைய காலத்துக்குப் போயிருவாங்க. இதுல கவனிச்சீங்கன்னா ஒரு பழக்கம் தெரியும். சூப்பர்புக்ல 2 பிள்ளைங்க, இதுல 3 பேர், தெசுகாவுல நரி. யாராவது ஒரு ஆள் போய் எட்டிப் பார்க்கணும். பிள்ளைங்க தாங்களாவே நேராக் கதைக்குள்ள போயிருவாங்கங்கிற நம்பிக்கை எந்த ஸ்டுடியோவுக்கும் இல்ல போல.

ஏப்ரல் 14

புத்தாண்டு வாழ்த்துகள். வேலை நிறைய. பிறகு வர்றேன்.

ஏப்ரல் 17

தாவீது கோலியாத்தின் தலைய வெட்டினதச் சொல்லலாமா கூடாதான்னு கேட்ட அக்காவுக்கு.

1 சாமுவேல் 17. கல்லு நெத்தியில பதியுது, முகங்குப்புற விழுறான். அதோட கார்ட்டூன் முடியும், ட்ரம்பெட் ஊதும். புத்தகத்துல தாவீது ஓடிப்போய் கோலியாத்தோட பட்டயத்தையே உருவி அவன் தலைய வெட்டுறான். தாவீதுகிட்ட பட்டயம் கிடையாதுன்னு அதுக்கு முந்தின வசனத்துலயே எழுதியிருக்கு. அந்தத் தலையைக் கையில பிடிச்சுட்டுத்தான் ராஜா சவுல் முன்னால போய் நிக்கிறான். சவுல் என்ன கேக்குறார்? நீ யாருடைய மகன்னு. சிரிப்பா வருது எனக்கு, ஒரு கையில தலைய வச்சுட்டு அப்பா பேரைச் சொல்றத நினைச்சா.

வெஜிடேல்ஸ்ல கோலியாத் ஒரு ராட்சச ஊறுகாய் வெள்ளரி. அதுக்குத் தலை எது உடம்பு எதுன்னே தெரியாது, வெட்டுற பிரச்சினையே வரல.

நான் சொல்லுவேன். 4 வயசுப் பிள்ளைக்கு இல்ல, 8 வயசுக்கு மேல. அவங்க அதிர்ச்சியாவாங்கன்னு நாமதான் பயப்படுறோம். பசங்க வேற டிவியில பார்க்கிற ரத்தத்துக்கு இது ஒண்ணுமே இல்ல. எனக்குப் பிரச்சினை வேற. தலைய விட்டுட்டா கதை "சின்னப் பையன் பெரிய ஆளை ஜெயிச்சான், நீயும் ஜெயிப்பே, பரீட்சை எழுது"ன்னு ஆயிருது. அது போர். ஒரு பையன் அன்னிக்கு ஒரு ஆளைக் கொன்னான். அந்தக் கனம் இல்லாம பின்னால வர்ற தாவீது யாருமே புரிய மாட்டான்.

ஏப்ரல் 18

நேத்து எழுதினதுல ஒரு சேர்க்கை. அக்கா கேட்டது நியாயமான பயம். தூங்கப் போறதுக்கு முன்னால வேண்டாம், காலையில சொல்லுங்க. என் பொண்ணு எகிப்துல ஒரே ராத்திரியில தலைச்சன் பிள்ளைங்க எல்லாம் செத்துப்போன கதையைக் கேட்டுட்டு ராத்திரி முழுக்க நான் முதல் பிள்ளையா ரெண்டாவதான்னு கேட்டுட்டே இருந்தா. அவ முதல்.

ஏப்ரல் 26

அந்தத் தலைச்சன் பிள்ளை கதைய நான் பார்த்ததுலயே ஒழுங்காக் காட்டினது 1998ல ட்ரீம்வொர்க்ஸ் எடுத்த எகிப்து இளவரசன் படம்தான். வெள்ளையா ஒரு ஒளி தெருவுல ஊர்ந்து வரும். தண்ணிக்குடம் எடுத்துட்டு ஒரு சின்னப் பையன் வீட்டுக்குள்ள போவான், குடம் விழுற சத்தம் மட்டும் கேக்கும். அவ்வளவுதான். ரத்தம் கிடையாது, கூச்சல் கிடையாது. அப்புறம், எகிப்துல அடிமையா இருந்த தன் ஜனங்களை விடுவிக்க வந்த மோசே தனியா ஒரு சுவர்ல சாய்ஞ்சு அழுவார். ஜெயிச்சவர் அழுறார். யாத்திராகமத்துல அந்த அழுகை இல்ல, படத்துக்காரங்க சேர்த்தது. சேர்க்கிறதுன்னா இப்படிச் சேர்க்கணும்.

ஆரம்பத்துலயே எழுத்துப் போட்டுச் சொல்லிருவாங்க, கலைக்காகச் சில மாற்றம் செஞ்சிருக்கோம்னு. யூத, கிறிஸ்தவ, இஸ்லாமிய அறிஞர்கள் நிறையப் பேர்கிட்டக் கேட்டுத்தான் எடுத்தாங்க. அப்படியும் மலேசியாவுல முதல்ல தடை பண்ணிட்டாங்க, நபிமாரை உருவமாக் காட்டக் கூடாதுன்னு. அங்க இருக்கிற நம்ம தமிழ்ப் பிள்ளைங்க தியேட்டர்ல பார்க்க முடியல.

ஆனா பாருங்க, அதுவும் நிறுத்தத் தெரிஞ்ச இடத்துலதான் நிக்குது. மோசே கற்பலகையோட மலையில நின்னு ஜனங்களைப் பார்ப்பார், படம் முடிஞ்சிரும். அந்த ஜனங்க கீழ பொன் கன்னுக்குட்டி செஞ்சு கும்பிட்டுட்டு இருந்த கதை வேற. 90 நிமிஷத்துக்குள்ள வைக்க முடியாதுதான். ஆனா எந்த ஸ்டுடியோவை எடுத்தாலும் கத்திரி விழுற இடம் ஒண்ணாவே இருக்கு. ஜனங்க திரும்பக் கெட்டுப்போறதுக்கு ஒரு நிமிஷம் முன்னால.

மே 9

வி.பி.எஸ். (லீவுல பிள்ளைங்களுக்கு நடத்துற பைபிள் பள்ளி) நடந்துட்டு இருக்கு. காலைல 8ல இருந்து 12 வரை. தொண்டை போச்சு.

இன்னிக்குப் பெரிய திரை கட்டி, புரொஜெக்டர் கடன் வாங்கி, செங்கடல் கதை போட்டோம். சரியாத் தண்ணி பிளக்கிற இடத்துல கரண்ட் போச்சு. உடனே எங்க மூத்த டீச்சர் எழுந்து, "படம் இல்லாட்டி என்ன, நான் சொல்றேன் கேளுங்க"ன்னு ஆரம்பிச்சாங்க. 30 வருஷமாக் கதை சொல்றவங்க, எங்க சேகரத்துலயே (பக்கத்துச் சபைங்க சேர்ந்தது) அவங்களை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு பிள்ளை கேக்கல. "கரண்ட்டு, கரண்ட்டு"ன்னு கோரஸ். பின் வரிசையில் செருப்பெடுத்துத் தாளம். ஜெனரேட்டர் ஓடின உடனே மொத்தக் கூட்டமும் கப்சிப்.

முதல்ல கேள்வி கேட்ட தம்பி, இதை உங்களுக்காகவே எழுதுறேன். உங்க கட்சிக்கு ஒரு பாயிண்ட்டு.

மே 10

அந்த டீச்சர் இன்னிக்கும் வந்து அதே கதையச் சொன்னாங்க, ஆனா வேற மாதிரி. படத்துல காட்டாததை மட்டும் எடுத்தாங்க. அந்த ராத்திரி சமுத்திரத்துக்குள்ள நடந்தப்போ இருட்டா, வெளிச்சமா? தோள்ல மாவுப் பாத்திரம் துணியில கட்டி இருந்துச்சே, மாவு புளிச்சுதா? கிழவிங்க எப்படி நடந்தாங்க? பிள்ளைங்க பதிலுக்குக் கத்தினாங்க. ஒருத்தன் எழுந்து, சுவர் மாதிரி நின்ன தண்ணிக்குள்ள மீனுங்க கண்ணாடித் தொட்டியில பார்க்கிற மாதிரி நம்மளப் பார்க்குமான்னு கேட்டான். படத்துல அந்தத் தண்ணிச் சுவர்ல மின்னல் வெட்டுறப்போ ஒரு பெரிய மீனோட நிழல் தெரியும், அவன் கவனிச்சிருக்கான்.

அதாவது படம் பார்த்ததாலதான் அவனுக்கு அந்தக் கேள்வி வந்துச்சு. ரெண்டுல எது பெருசுங்கிறதுல எனக்கு இப்ப ஆர்வமே போயிருச்சு.

மே 11

அழுத்தமாச் சொல்ல வேண்டியது ஒண்ணு, இத்தனை நாளா இழுத்தடிச்சிட்டேன்.

வெஜிடேல்ஸ் செஞ்ச ஃபில் விஷர், கம்பெனி 2003ல திவாலாகி, எல்லாம் கைவிட்டுப் போன பிறகு, 2011ல ஒரு பேட்டி குடுத்தார். அவர் சொன்னதோட சாரம், நான் பிள்ளைங்களுக்குக் கிறிஸ்தவம் சொல்லிக் குடுக்கல, கிறிஸ்தவப் பிள்ளை மாதிரி நடந்துக்கத்தான் சொல்லிக் குடுத்தேன். பைபிள் சொல்லுது, அதனால மன்னி. பைபிள் சொல்லுது, அதனால அன்பா இரு. அது வெறும் ஒழுக்கப் பாடம்னு. கோடிக்கணக்குல வீடியோ வித்த மனுஷர் இதைச் சொன்னார்.

அவர் காலத்துல என்ன நடந்துச்சுன்னு பாருங்க. சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ கதைய 1995ல எடுத்தாங்க. பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் நிறுத்தின பொற்சிலை சாக்லேட் முயலாச்சு. முயலுக்குத் துதிபாட மறுத்தா சூளை. சிலை வணக்கத்தக் காட்டினா 4 வயசுக்குப் புரியாது, அளவு மீறி மிட்டாய் தின்னாதேன்னா புரியும். புரிஞ்சிடுச்சு, ஆனா வேற ஏதோ புரிஞ்சிடுச்சு. வில்லன் பாடுற முயல் பாட்டு பிள்ளைங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப் போய், வீடு வீடா அதையே பாட ஆரம்பிச்சிட்டாங்க. அம்மா அப்பாவே வேண்டாம், முயல் போதும்கிற மாதிரி வரி. பெற்றோர் புகார் பண்ணி, பிறகு பாட்டையே திருத்தி விட்டாங்க. அப்புறம் தாவீது பத்சேபாள் கதை, 2000ல. அதுல ராஜா அடுத்தவனோட குளியல் வாத்து பொம்மைய எடுத்துக்கிறார். புத்திசாலித்தனம்தான், மறுக்கல. தீர்க்கதரிசி நாத்தான் தாவீதுகிட்ட சொன்ன ஆட்டுக்குட்டி உவமையே அந்த மாதிரிதானே. ஆனா பத்சேபாளோட புருஷன் உரியாவை தாவீது சாகக் குடுத்தது எங்க?

2006ல அமெரிக்காவுல என்பிசி டிவி சனிக்கிழமை காலைல இதை ஓட்டினப்போ, கடவுள் பேர் வர்ற இடத்த எல்லாம் வெட்டினாங்க, கடைசியில வர்ற வசனத்தையும் எடுத்துட்டாங்க. பெரிய சண்டை. எனக்கு அப்ப தோணினது, வெட்டின பிறகும் கதை ஓடுச்சே! அப்ப முதல்லயே எவ்வளவு இருந்துச்சு?

இப்ப நம்ம பக்கம். சண்டே ஸ்கூல் பாடப் புத்தகத்துல ஒவ்வொரு கதைக்கு அடியிலயும் ஒரு கட்டம், அதுல ஒரு வரி. கீழ்ப்படிதல். பொறுமை. தாழ்மை. யோசேப்பு கதைக்கு அடியில "பொறாமை கூடாது". யோசேப்பு! சகோதரங்க கிணத்துல தள்ளி, வித்து, அப்பன்கிட்ட ரத்தம் தோய்ச்ச அங்கியக் காட்டி, 20 வருஷம் கழிச்சு அவன் அறைக்குள்ள போய் அழுதுட்டு முகம் கழுவிட்டு வந்து சாப்பாடு போடச் சொல்ற கதைக்கு "பொறாமை கூடாது". விஷரைப் பார்த்து நாம சிரிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. அவராவது அதை வாய்விட்டுச் சொன்னார், அதைச் சொல்றதுக்கு முன்னாலயே தொடங்கி, 2010ல இருந்து பைபிள் முழுக்க, ஆதியாகமம் தொடங்கி வெளிப்படுத்தல் வரைக்கும், லேவியராகமத்தையும் விடாம, பொம்மைகளை வச்சு 13 வீடியோ எடுத்தார்.

நான் கட்டத்துல இருக்கிற வரிய வாசிக்கிறத நிறுத்திட்டேன். பரீட்சைக்கு மட்டும் சொல்லிக் குடுக்கிறேன், மார்க்கு போயிரும்ல.

மே 12

"டீச்சர், ரொம்ப கோபமா எழுதிட்டீங்க." ஆமா. வெயில்.

மே 20

இயேசுவோட முகம் பத்திக் கேட்டிருந்தீங்க, ஒரு முகத்தைக் காட்டிட்டா பிள்ளைக்கு ஆயுசுக்கும் அந்த முகம்தானே வரும்னு. வரும். எனக்கு இன்னிக்கும் எங்க பாட்டி வீட்டுக் காலண்டர் முகம்தான் வருது, நீலக்கண்ணோட. கார்ட்டூனை மட்டும் குத்தம் சொல்ல முடியாது.

ஆனா ஒரு படம் இருக்கு, 2000ல வந்தது. அற்புதம் செய்கிறவர்னு அர்த்தம் வர்ற தலைப்பு. வேல்ஸ்காரங்களும் ரஷ்யாக்காரங்களும் சேர்ந்து எடுத்தது. இங்கிலீஷ்ல இயேசுவுக்கு ரேல்ஃப் ஃபைன்ஸ் குரல். பொம்மைகளை வச்சு, ஒவ்வொரு அசைவா நகர்த்தி நகர்த்திப் படம் பிடிச்சது. அந்த ஆள் பாலஸ்தீனத்துத் தச்சன் மாதிரி இருப்பார், கை கொஞ்சம் முரடு. கதைய, இயேசு உயிரோட எழுப்பின யவீருவோட மக கண்ணு வழியாச் சொல்லுவாங்க. நடக்கிற சம்பவம் எல்லாம் பொம்மை. இயேசு உவமை சொன்னாலோ, ஒருத்தர் மனசுக்குள்ள நடக்கிறதக் காட்டணும்னாலோ, உடனே கோட்டுச் சித்திரத்துக்கு மாறிரும். பிள்ளைங்களுக்கு யாரும் விளக்கவே வேண்டாம். உவமையில வர்ற கெட்ட குமாரன் "நடந்த" ஆள் இல்ல, "சொன்ன" ஆள்னு கண்ணுக்கே தெரிஞ்சிரும். என் கிளாஸ்ல நல்ல சமாரியன் எந்தத் தெருவுல இருந்தார்னு கேட்ட பிள்ளைங்க உண்டு, அதனால சொல்றேன்.

யவீரு மக எழுந்ததும் இயேசு சொல்ற முதல் காரியம், பிள்ளைக்குச் சாப்பிடக் குடுங்க. லூக்கா 8ல இருக்கு. இதை எங்க சொன்னாலும் பாட்டிமார்தான் முதல்ல தலையாட்டுவாங்க.

அதே ஆளுங்க அதுக்கு முன்னால, 1996ல, பழைய ஏற்பாட்டுக் கதைகள் 9 எடுத்தாங்க. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பாணி. கிடைச்சா பாருங்க. குழந்தைங்களுக்குக் கொஞ்சம் மெதுவாத் தெரியும். சூப்பர்புக் வேகத்துக்குப் பழகின பிள்ளை 5 நிமிஷத்துல எழுந்து போயிரும், எழுந்து போனா விட்டுருங்க.

ஜூன் 2

நோவா. வெள்ளத்துல தப்பிக்க அவர் கட்டின பேழைய எல்லாக் கார்ட்டூன்லயும் பொம்மைத் தொட்டி மாதிரி வட்டமா, மேல ஒட்டகச்சிவிங்கி தலை நீட்டுற மாதிரி வரைஞ்சிருப்பாங்க. ஆதியாகமம் 6ல அளவு போட்டிருக்கு, 300 முழம் நீளம், 50 அகலம், 30 உயரம், 3 தட்டு, பக்கத்துல ஒரு கதவு. முழம்னா நம்ம பிள்ளைங்களுக்குச் சொல்லவே வேண்டாம், பூக்காரம்மா முழங்கையில அளக்கிறதப் பார்க்காத பிள்ளை உண்டா? போன ஞாயிறு ஆராதனை முடிஞ்சதும் சணல் கயிறு எடுத்துட்டு வெளிய போனோம். ஒரு பெரிய பையன் கைய அளவா வச்சு முழம் போட்டோம், பிள்ளைங்க சத்தமா எண்ணினாங்க. ஆலய வாசல்ல ஆரம்பிச்சு, காம்பவுண்டு தாண்டி, டீக்கடை தாண்டி, ரேஷன் கடை கிட்டப் போயும் முடியல. 300 முழம்னா கிட்டத்தட்ட 135 மீட்டர். டீக்கடைக்காரர் ரோடு போடப் போறாங்களான்னு கேட்டார். பேழைன்னோம். "மழை வரட்டும் அப்பா"ன்னு அவர் பங்குக்குச் சொன்னார்.

திரும்பி வர்றப்ப ஒரு சின்னப் பொண்ணு கயித்தச் சுருட்டிட்டே கேட்டா, "இவ்ளோ பெருசுன்னா இன்னும் பத்துப் பேர ஏத்திருக்கலாம்ல?"

கார்ட்டூன் பார்த்து இந்தக் கேள்வி வராது. அந்தத் தொட்டியில இடமே இருக்காதே. அளவு தெரிஞ்ச உடனே உள்ள 8 பேர்தான் இருந்தாங்கங்கிறது பெருசாயிருது. பதில் என்ன சொன்னேன்னு கேக்காதீங்க. அவளையே திரும்பக் கேட்டேன், யாரை ஏத்தியிருப்பேன்னு. ஒரு பட்டியலே சொன்னா, அதுல அவ நாய் உண்டு, அவ தம்பி இல்ல.

ஜூன் 3

"சுத்தமான மிருகம் ஏழேழு ஜோடி, ரெண்டு ரெண்டு இல்ல"ன்னு வசனத்தோட எழுதினவருக்கு: 7ஆம் அதிகாரம் 2ஆம் வசனம், சரி. 6ஆம் அதிகாரத்துல ரெண்டு ரெண்டுதான். ரெண்டும் இருக்கு. அடிச்சுக்காதீங்க.

ஜூன் 15

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கார், பையனுக்கு, ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலி குடுக்கப் போற கார்ட்டூன் போட்டாராம். முடிஞ்சதும் பையன் கேட்டானாம், "அவங்க அம்மாக்குத் தெரியுமா?" என்ன சொல்றதுன்னு தெரியாம டிவிய அணைச்சிட்டாராம்.

தம்பி, ஆதியாகமம் 22ல ஈசாக்கோட அம்மா சாராள் பேரே கிடையாது. அடுத்த அதிகாரம் தொடங்குறதே அவ 127 வயசுல செத்துப்போனதோட. நடுவுல என்ன நடந்துச்சுன்னு ஒரு வரி இல்ல. யூத ரபிமார் இதப் பத்தி நூத்தாண்டுக்கணக்கா எழுதியிருக்காங்க, உங்க பையன் 6 வயசுல அங்க போய் நிக்கிறான். பைபிள்ல எழுதலன்னு சொல்லுங்க. ஆனா அவன்கிட்டயே கேளுங்க, அம்மாக்குத் தெரிஞ்சிருந்தா என்ன சொல்லியிருப்பான்னு. டிவிய அணைச்சது நல்லதுதான், இப்ப ரெண்டு பேரும் பேசலாம்.

ஜூன் 28

சண்டே ஸ்கூல் ஆண்டு விழா வருது. ஐயரம்மா (எங்க பாஸ்டரோட மனைவி) என்கிட்ட தானியேல் நாடகம் குடுத்திருக்காங்க. பிள்ளைங்க எல்லாரும் கார்ட்டூன்ல பார்த்தது ஒரு வாலிபன், தசையோட, சிங்கத்துக்கு நடுவுல. நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். தானியேலைப் பிடிச்சுட்டுப் போனது நேபுகாத்நேச்சார் காலத்துல, கி.மு. 605 வாக்குல. சிங்கக்கெபியில, அதாவது சிங்கக் குழியில, போட்டது தரியு ராஜா காலத்துல, பாபிலோன் விழுந்ததே கி.மு. 539லதான். சின்ன வயசுலயே பிடிச்சுட்டுப் போயிருந்தாலும் ஆள் 80ஐத் தொட்டிருப்பார். தாத்தா.

அவ்வளவுதான், தானியேலா நடிக்க ஒருத்தனும் வரல. 11 பேருக்கும் சிங்கம்தான் வேணுமாம். இதுல ஒரு பொண்ணு 6ஆம் அதிகாரத்தக் கடைசி வரைக்கும் வாசிச்சிட்டு வந்து, குத்தம் சாட்டினவங்களை மட்டுமில்ல, அவங்க பெண்டாட்டி பிள்ளைங்களையும் கெபியில போட்டாங்களே, அதை நடிக்கணுமான்னு கேட்டா. ராஜா போட்டது, கர்த்தர் போடச் சொன்னதா எழுதலன்னு சொன்னேன். "அப்ப ராஜா கெட்டவரா? தானியேலுக்காக ராத்திரி சாப்பிடாம தூங்காம இருந்தாரே"ன்னா. ரெண்டும்தான்னு சொன்னேன். அவளுக்கு ராஜா வேஷம் குடுத்தாச்சு.

தானியேல் இன்னும் காலி. பஞ்சு தாடி யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க, கடையில 80 ரூபா சொல்றான், தொட்டாலே உதிருது.